வகுப்பு எடுத்தால் ஓவியம் கெடுமா?

கேள்வி: முத்தியால்பேட்டையில் வசிக்கும் 33 வயது ஓவியர் நான். பிரெஞ்சுக் காலத்து வீடுகள் நிற்கும் ஒயிட் டவுன் வீதிகளை நீர்வண்ணத்தில் வரைந்து, கடைகள் மூலமும் நேரடி ஆர்டர்கள் மூலமும் விற்று வருகிறேன். அக்கம்பக்கத்தினர் தங்கள் பிள்ளைகளுக்கும், வங்கியில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் தமக்கும் கற்றுத்தரச் சொல்கிறார்கள். வகுப்பு தொடங்கினால் வரையும் நேரம் போய்விடுமோ, ஓவியர் என்ற பெயர் போய் ‘டிராயிங் மிஸ்’ என்ற பெயர்தான் நிற்குமோ, என்னிடம் கற்றவர்களே நாளை எனக்குப் போட்டியாகிவிடுவார்களோ என்று அஞ்சுகிறேன். என்ன செய்யட்டும்?
— வாசகி, புதுச்சேரி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

வகுப்பைத் தொடங்குங்கள், ஆனால் வாரத்திற்கு இத்தனை மணி நேரம்தான் என்று முதலிலேயே வரையறுத்துக்கொண்டு தொடங்குங்கள். உங்கள் மூன்று அச்சங்களில் நேரத்தைப் பற்றியது மட்டுமே நியாயமானது.

‘டிராயிங் மிஸ்’ என்ற சொல்லைச் சற்றுத் தாழ்வாகவே எழுதியிருக்கிறீர்கள். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1957-இல் சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வரானார். அவர் பெயரைச் சொன்னவுடன் நினைவுக்கு வரும் ‘சொற்களும் குறியீடுகளும்’ ஓவிய வரிசையை அவர் தொடங்கியது அந்தப் பொறுப்பில் இருந்த காலத்தில்தான். 1966-இல் சென்னைக்கு அருகே சோழமண்டலம் கலைஞர் கிராமம் உருவானபோது அவருடன் நின்றவர்களில் பலர் அவரிடம் பயின்றவர்கள். சிற்பி தனபாலும் அதே கல்லூரியில் ஆசிரியராகவும் பின்னர் முதல்வராகவும் இருந்தார். கற்பித்ததால் இவர்களில் யாருடைய கலையும் சிறுத்துப்போகவில்லை.

போட்டி பற்றிய அச்சத்துக்கு உங்கள் ஊரே விடை சொல்லும். ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-இல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மட்கலப் பட்டறையைத் தொடங்கினார்கள். அங்கே பயின்றவர்கள் பலர் புதுச்சேரியிலும் ஆரோவில்லிலும் பிற ஊர்களிலும் சொந்தச் சூளை அமைத்துக்கொண்டார்கள். அதனால் தாய்ப்பட்டறையின் மதிப்பு குறையவில்லை. மாறாக, நல்ல பீங்கான் கலங்களைத் தேடுகிறவர்கள் புதுச்சேரியை நினைக்கும் நிலை உருவாயிற்று. உங்கள் மாணவர்கள் ஐந்தாறு பேர் நன்றாக வரையத் தொடங்கினால், உங்கள் தெருவில் ஓவியத்தைக் காசு கொடுத்து வாங்கிச் சுவரில் மாட்டும் பழக்கமும் கூடவே வளரும்.

இனி, எனக்கு மிக முக்கியமாகப் படுவதைச் சொல்கிறேன். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மாடி அறையில் நான் பல ஆண்டுகள் வகுப்பு எடுத்தேன். கெடிலக் கரையை நான் வரைந்திருந்த படத்தைப் பார்த்து, ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, “சார், தள்ளி இருக்கும் தண்ணீர் வானத்து நிறத்திலும், காலடித் தண்ணீர் சேற்று நிறத்திலும் இருக்கிறதே, இரண்டும் ஒரே ஆறுதானே?” என்று கேட்டாள். பழக்கத்தால் அப்படி வரைந்துவந்தேனே தவிர, எனக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் தொடங்கிச் சில மாலைகள் ஆற்றங்கரையில் நின்று பார்த்தேன். தொலைவில் உள்ள நீர்ப்பரப்பை நம் பார்வை மிகச் சாய்வாகத் தொடுவதால் அது வானத்தைக் கண்ணாடிபோல் காட்டுகிறது. காலடியில் குனிந்து பார்க்கும்போது பிரதிபலிப்பு குறைந்து அடிமண் தெரிகிறது. இந்த இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கரையும் பகுதி நடுவில் இருப்பதை அதற்கு முன் நான் வரைந்ததே இல்லை. பிறகு வரைந்த படங்களில் அதைச் சேர்த்தேன். கண்காட்சிக்கு வந்தவர்கள் நின்று பார்த்ததும் அந்த இடத்தைத்தான். அந்தப் பெண் கேட்டிராவிட்டால் நான் இன்றும் பழைய ஆற்றையே வரைந்துகொண்டிருப்பேன்.

படத்தின் முன் நின்று ‘இது ஏன் இப்படி’ என்று வாரந்தோறும் விளக்கிப் பழகியவருக்கு, கண்காட்சிக்கு விண்ணப்பம் எழுதுவதும் வாங்க வருபவரிடம் தம் படத்தைப் பற்றிப் பேசுவதும் எளிதாகிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வங்கிப் பெரியவரை முதல் மாணவராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். வண்ணம் படாமல் தாளின் வெண்மையைக் காப்பாற்றி வைப்பது எவ்வளவு கடினம் என்று சொந்தக் கையால் உணர்ந்தவர், உங்கள் படத்தின் விலையைக் கேட்டு வியக்கமாட்டார். என் படங்களை வாங்கியவர்களில் கணிசமானோர் என் மாணவர்களும் அவர்கள் அழைத்துவந்த உறவினர்களும்தான். மாதந்தோறும் வரும் கட்டணம் சிறியதாக இருக்கலாம். ஆனால் கடைக்காரர் நூறாவது முறையாக அதே மஞ்சள் சுவரையும் காகிதப்பூக் கொடியையும் கேட்கும்போது, இந்த மாதம் வேறொன்று வரையப்போகிறேன் என்று சொல்லும் துணிவை அது தரும்.

நேரத்துக்கு வருகிறேன். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பயணிகள் வந்து குவிவது சனி, ஞாயிறுகளில். அந்த நாட்களை விற்பனைக்கு வைத்துக்கொண்டு, வார நாட்களில் மூன்று மாலைகள், இரண்டிரண்டு மணி நேரம் போதும். காலை வெளிச்சம் முழுவதும் உங்கள் படங்களுக்கே உரியது. மே மாதத்தில் பள்ளிகளுக்கு விடுமுறை, வெயிலில் வீதியில் அமர்ந்து வரைவதும் இயலாது. அப்போது மட்டும் கூடுதல் வகுப்பு வைக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூசிய வண்ணம் உலர மறுக்கும் நாட்களிலும் வகுப்புக் கட்டணம் கைகொடுக்கும். கட்டணத்தை மாதத் தொடக்கத்திலேயே வாங்கிவிடுங்கள். தெரிந்தவர் என்று யாருக்கும் இலவசமாகத் தொடங்காதீர்கள். போட்டிக்கு அனுப்பும் படத்தைக் கொஞ்சம் திருத்தித் தரும்படி பெற்றோர் கேட்பார்கள், உறுதியாக மறுத்துவிடுங்கள். நான் ஓராண்டு அதற்கு இணங்கினேன். மாலைகளும் பல இரவுகளும் பிறர் படங்களில் கழிந்து, அந்த ஆண்டில் சொந்தமாக நான்கு படங்களே முடித்தேன். நீங்கள் அஞ்சும் நேர இழப்பு வகுப்பால் வருவதைவிட இப்படிப்பட்ட இணக்கத்தால்தான் அதிகம் வருகிறது.

விஜயதசமியன்று தொடங்கினால் பெற்றோர் மகிழ்வார்கள். பெரியவருக்கு முதல் பாடமாக, நீங்கள் நன்கறிந்த மஞ்சள் சுவரில் விழும் நிழலையே வையுங்கள். மஞ்சள் ஈரமாக இருக்கும்போதே ஊதாவைச் சேர்த்தால் இரண்டும் கலந்து அழுக்குப் பழுப்பாகிவிடும். நன்றாக உலர்ந்தபின் மெல்லிய பூச்சாக ஒரே இழுப்பில் இட்டால், நிழலுக்குள்ளும் சுவரின் வெளிச்சம் தெரியும். இதை உங்கள் கை எத்தனையோ முறை செய்திருக்கும். அவருக்குப் புரியும்படி ஒருமுறை வாயால் சொல்லிப் பாருங்கள். எந்த இடத்தில் சொல் வராமல் நிற்கிறீர்கள் என்பதைக் குறித்து வைத்துக்கொண்டு, மறுநாள் காலை அந்த இடத்திலிருந்து உங்கள் அடுத்த படத்தைத் தொடங்குங்கள்.