கென்யாவில் வேலையும் சட்டமும்: கேள்வி பதில்

கென்யாவின் 2007 ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் பற்றி வந்த கேள்விகளைச் சுருக்கி, பதில்களுடன் தந்துள்ளேன்.

கேள்வி: ஐயா, நைரோபியில் உள்ள எங்கள் கிடங்கில் ஓர் ஊழியர் சரக்கைத் திருடியது கேமராவில் பதிவாகியிருந்தது. அன்றே வேலையை விட்டு நீக்கினோம். வழக்கு நடந்தால் நாங்கள் தோற்கலாம் என்கிறார் வழக்கறிஞர். அது எப்படி?

பதில்: அவர் சொல்வது சரி. நீக்கியதற்குக் காரணம் இருந்ததா என்பதோடு, எப்படி நீக்கினீர்கள் என்பதையும் நீதிமன்றம் தனியாகப் பார்க்கும். காரணத்தைப் பொறுத்தவரை சட்டம் உங்களுக்குச் சாதகமாகவே உள்ளது: 43 ஆம் பிரிவின்படி, நீக்கிய வேளையில் அந்தக் காரணம் உண்மை என்று நீங்கள் நேர்மையாக நம்பியதைக் காட்டினால் போதும், குற்றவியல் வழக்கைப் போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. நடைமுறையில்தான் நிறுவனங்கள் சறுக்குகின்றன. 41 ஆம் பிரிவின்படி, குற்றச்சாட்டை ஊழியருக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும். அவர் தேர்ந்தெடுக்கும் சக ஊழியரோ தொழிற்சங்கப் பிரதிநிதியோ உடன் இருக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவரும் உடன் வந்தவரும் சொல்வதைக் கேட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும். சுவாஹிலி மட்டுமே சரளமாகப் பேசும் ஒருவரிடம் ஆங்கிலக் கடிதத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குவது விசாரணை ஆகாது. காவல் நிலையத்தில் புகார் கொடுத்ததும் அதற்கு ஈடாகாது. உடனடி நீக்கத்துக்கு இடமளிக்கும் குற்றங்களுக்கும் இதே விதிதான். தவறினால் 12 மாத மொத்தச் சம்பளம் வரை இழப்பீடு விதிக்கப்படலாம். ஊழியர் வழக்குத் தொடர 3 ஆண்டுகள் அவகாசம் உள்ளதால், விசாரணைக் குறிப்புகளைப் பத்திரமாக வைத்திருப்பது அவசியம்.

கேள்வி: நைவாஷாவில் ஒரு மலர்ப் பண்ணையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். பூ வெட்டுபவர்கள் பல மாதங்களாகத் தினக்கூலிகளாகவே வருகிறார்கள். இதில் சிக்கல் உண்டா?

பதில்: உண்டு. அங்கே ‘கிபாருவா’ எனப்படும் தினக்கூலி வேலை, சட்டத்தின் கண்ணில், ஒரே நேரத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் நீடிக்காமல், நாள் முடிவில் கூலி தரப்படும் வேலையாகும். அதே ஆள் தொடர்ந்து ஒரு மாதம் வேலை செய்துவிட்டால், 37 ஆம் பிரிவின்படி அவர் மாதச் சம்பள ஒப்பந்தத்தில் உள்ளவராகவே கருதப்படுவார்; அவரை நிறுத்த 28 நாள் முன்னறிவிப்புத் தேவை. மாதக் கடைசியில் பெயரை நீக்கிவிட்டு இரண்டு நாள் கழித்துப் புதிய பட்டியலில் எழுதும் தந்திரமும் காப்பாற்றாது. வேலையின் தன்மையை வைத்துப் பார்த்தால், மொத்தமாக மூன்று மாதங்களுக்குள் முடியக்கூடியதாக இல்லாத பணியையும் அதே பிரிவு உள்ளடக்குகிறது. ஆண்டு முழுவதும் பூ வெட்டும் பண்ணையில் அதை மறுத்து வாதிடுவது கடினம்.

கேள்வி: தகுதிகாண் காலத்தில் உள்ளவரைக் காரணம் சொல்லாமல் அனுப்பலாமா?

பதில்: தகுதிகாண் காலம் 6 மாதங்களைத் தாண்டக் கூடாது, ஊழியர் சம்மதித்தால் மேலும் 6 மாதங்கள் வரை நீட்டிக்கலாம். 7 நாள் முன்னறிவிப்புப் போதும். ஆனால் இவர்களுக்கு விசாரணை தேவையில்லை என்று கூறும் 42(1) பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என 2021 இல் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. எனவே காரணத்தைச் சொல்லி, பதிலையும் கேட்டுவிடுவதே என் ஆலோசனை.

கேள்வி: நேர்முகத் தேர்வுக்கு முன்பே எச்.ஐ.வி. பரிசோதனை முடிவையும் காவல்துறை நன்னடத்தைச் சான்றையும் கேட்கிறார்கள். கொடுத்தாக வேண்டுமா?

பதில்: முதலாவதை வேலைக்கான நிபந்தனையாகக் கேட்பதை 2006 ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் தடை செய்கிறது, மறுக்கலாம். நன்னடத்தைச் சான்று, வரி இணக்கச் சான்று போன்றவை வேறு வகை. விண்ணப்பிக்கும் அனைவரும் பணம் கட்டி இவற்றை வாங்கி அலைந்த நிலையை மாற்ற 2022 இல் ஒரு திருத்தம் வந்தது; எழுத்து ஒப்பந்தம் செய்து வேலைக்கு எடுக்கும் எண்ணம் இருந்தால்தான் நிறுவனம் அவற்றைக் கேட்கலாம்.

கேள்வி: விடுமுறைகள் எத்தனை?

பதில்: 12 மாதப் பணிக்குக் குறைந்தது 21 வேலை நாட்கள். மகப்பேறு விடுப்பு 3 மாதம், தந்தைக்கு 2 வாரம். இரண்டும் முழுச் சம்பளத்துடன்.

கேள்வி: ஏழு ஆண்டுகள் வேலை செய்தேன். ஆட்குறைப்பு என்கிறார்கள். எனக்கு என்ன கிடைக்கும்?

பதில்: முடிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் குறைந்தது 15 நாள் சம்பளம், ஆக உங்களுக்கு 105 நாள் சம்பளம். முன்னறிவிப்பும் எடுக்காத விடுப்புக்கான தொகையும் தனி. தொழிலாளர் அலுவலருக்கு ஒரு மாதம் முன்பே தகவல் கொடுத்தார்களா, பணிமூப்பு, திறமை, நம்பகத்தன்மை ஆகியவற்றைப் பார்த்து ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்களா என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அந்தக் கடிதத்துக்குப் பிறகே பேச்சுவார்த்தை தொடங்கும்.

கேள்வி: இந்தியாவிலிருந்து வந்து டி வகுப்பு அனுமதியில் வேலை செய்கிறேன். எழுத்தில் ஒப்பந்தம் தரவில்லை. வேறு நிறுவனத்துக்கு மாறலாமா?

பதில்: அந்த அனுமதி குறிப்பிட்ட நிறுவனத்தில் குறிப்பிட்ட பணிக்காகத் தரப்பட்டது, புதிய நிறுவனம் புதிதாக அனுமதி பெறும் வரை அங்கே வேலையைத் தொடங்காதீர்கள். மூன்று மாதமோ அதற்கு மேலோ நீடிக்கும் பணிக்கு எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். அதைத் தயாரிக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது. வழக்கில் அதைக் காட்ட முடியாவிட்டால், நீங்கள் கூறும் நிபந்தனையைப் பொய் என நிரூபிக்கும் சுமையும் அவர்கள் மீதே விழும். அதுவரை சம்பளச் சீட்டுகளையும் வேலை வழங்கிய மின்னஞ்சலையும் அலுவலகக் கணினிக்கு வெளியே ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.