கேட்பதைக் கேட்டால் போதாதா, ஜெபத்தில் துதியும் ஸ்தோத்திரமும் எதற்கு?

துதி தேவன் யார் என்பதைச் சொல்வது. ஸ்தோத்திரம் அவர் நமக்குச் செய்ததை நினைத்து நன்றி சொல்வது. கேட்பது தவறே இல்லை. ஆனால் கேட்பது மட்டுமே ஜெபமானால், நம் கண் இல்லாததன் மேலேயே நிற்கும். லூக்கா 17-இல் பத்துக் குஷ்டரோகிகளும் கேட்டார்கள், பத்துப் பேரும் சுத்தமானார்கள். திரும்பி வந்து இயேசுவின் பாதத்தருகே விழுந்து ஸ்தோத்திரம் சொன்னவன் ஒருவன்தான், அதுவும் யூதர்கள் ஒதுக்கிவைத்த சமாரியன்.

எங்கள் குமரி மாவட்டச் சபைகளில் அறுப்பின் பண்டிகைக்கு ஏத்தன் வாழைக்குலை, மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு), தேங்காய், கோழி என்று வீட்டில் விளைந்ததையும் வளர்ந்ததையும் கொண்டுவந்து படைப்பார்கள். அப்புறம் ஏலம் நடக்கும். சிறுவயதில் எனக்கு அந்த ஏலம்தான் பண்டிகை. பெரியவனான பிறகுதான், காற்றில் பாதி வாழை சாய்ந்த வருஷத்திலும் ஒரு குலையோடு வருகிறவர்களைக் கவனித்தேன். ஸ்தோத்திரம் என்னவென்று அவர்களிடம்தான் கற்றேன்.

சரி, துன்பத்திலுமா? 'எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்' என்று பவுல் 1 தெசலோனிக்கேயர் 5:18-இல் எழுதுகிறார். எல்லாவற்றிலேயும் என்கிறார், எல்லாவற்றிற்காகவும் என்று இந்த வசனம் சொல்லவில்லை. 2017-இல் ஒக்கிப் புயலில் மகனைக் கடலுக்குப் பறிகொடுத்த தாயிடம் அதற்காக நன்றி சொல்லச் சொல்வது கொடுமை. 13-ஆம் சங்கீதம் 'எதுவரைக்கும்' என்ற அழுகையில் தொடங்கி, பாட்டில்தான் முடிகிறது. அழுகையும் துதியும் ஒரே ஜெபத்தில் இருக்கலாம்.

தொடங்க வழி கேட்டால், இன்றிரவு எதையும் கேட்பதற்கு முன் இன்று கிடைத்த ஒன்றைப் பெயர் சொல்லி நன்றி சொல்லுங்கள்.