நிறம் இருக்கட்டும், இறங்கும் வேகம் என்ன? - தூண்டில் கேள்வி பதில்

கேள்வி: மாதம் ஒருமுறை மண்டபம் போய் ராத்திரியில் கணவாய்க்கு ஜிக் (இறால் மாதிரி செய்த செயற்கை இரை) வீசுகிறேன். கடையில் நாற்பது நிறம் எடுத்துக் காட்டினார்கள். பிங்க்தான் ஓடுகிறது என்று சொன்னதால் 650 ரூபாய் கொடுத்து மூன்றரை சைஸில் ஒன்று வாங்கினேன். இரண்டு ராத்திரி வீசியும் ஒன்றுகூட ஏறவில்லை. நிறத்தை மாற்றிப் பார்க்கட்டுமா? - வாசகர், திருமங்கலம்.

பதில்: வேண்டாம், பிங்க்கே இருக்கட்டும். கடையில் நீங்கள் கேட்காமல் விட்டது வேறொன்று. ஒரு மீட்டர் இறங்க அது எத்தனை விநாடி எடுக்கும்?

கீழமாசி வீதியில் முப்பத்தோரு வருடம் தராசு பழுது பார்த்தவன் நான். எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் எடைதான் போடுவேன். ஒரே அட்டையில் வந்த, ஒரே நம்பர் போட்ட ஐந்து ஜிக்குகளை ஒருநாள் நகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். ஒன்று 18.6 கிராம், இன்னொன்று 21.2. மிளகாய் வற்றலில் இந்த வித்தியாசம் வந்தால் எங்கள் வீதியில் சண்டையே நடக்கும்.

இந்த மாதிரி ஜிக் ஜப்பானிலிருந்து வந்தது. அங்கே 'எகி' என்கிறார்கள். இரை, மரம் என்ற இரண்டு சொல் சேர்ந்தது. முன்பு மரத்தில் இறால் மாதிரி செதுக்கினார்கள். மேலே போட்டிருக்கும் நம்பர் நீளத்துக்கானது. ஒரு நம்பருக்கு ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர். ஆக, உங்கள் மூன்றரை பத்தரை சென்டிமீட்டர் நீளம், இருபது கிராம் பக்கம் எடை. சாதாரண வகையாக இருந்தால் மீட்டருக்கு மூன்று, மூன்றரை விநாடியில் இறங்கிவிடும். 'ஷேலோ', அதாவது ஆழமில்லாத தண்ணீருக்கு என்று அச்சடித்த வகை அதே நீளத்திலேயே கிடைக்கும். ஈயம் குறைவு என்பதால் ஐந்து ஆறு விநாடி எடுக்கும்.

இப்போது மண்டபத்துக்கு வாருங்கள். வடக்குப் பக்கம், பெண் கடல் என்கிறார்களே, அந்தப் பாக் விரிகுடாவில் இடுப்பளவு தண்ணீரில் நின்று முப்பது நாற்பது மீட்டர் வீசினாலும் அங்கே ஆழம் ஒன்றரை மீட்டர்தான் இருக்கும். அடியில் கடல்புல். உங்கள் ஜிக் ஐந்து விநாடிக்குள் புல்லுக்குள் போய்ப் படுத்துவிடும். கணவாய் பெரும்பாலும் இறங்குகிற இரையைத்தான் பிடிக்கும். துள்ளிவிட்டுக் களைத்து இறங்குகிற இறால் என்று நினைத்துக் கையை நீட்டும். அதற்கு நீங்கள் கொடுத்த நேரம் அந்த ஐந்து விநாடி. அதில் பாதியை அது எட்டிநின்று வேடிக்கை பார்ப்பதிலேயே கழித்துவிடும்.

அதனால் அந்த இடத்துக்கு இரண்டரை நம்பர், பத்து கிராம் பக்கம் இருப்பது போதும். மூன்றரைதான் வேண்டுமென்றால் ஷேலோ வாங்குங்கள். காற்று எதிரே அடிக்கும் நாளில் சின்னது தூரம் போகாது என்பது உண்மை. தூரம் போய்ப் புல்லில் படுப்பதற்கு, பக்கத்திலே மிதந்து இறங்குவது மேல். (இடுப்பளவில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காதீர்கள், தேய்த்துத் தேய்த்து நடங்கள். மணலில் திருக்கை படுத்திருக்கும். மிதித்துவிட்டால் வால் முள்ளால் குத்திவிடும்.)

இறங்கும் வேகத்தை மதுரையிலேயே அளந்துவிடலாம். மேலூர்ப் பக்கம் என் மைத்துனர் தோட்டத்தில் கிணறு இருக்கிறது. பெரியாறு கால்வாயில் தண்ணீர் விட்ட பிறகு நன்றாக ஊறி நிற்கும். தூண்டில் நரம்பில் மீட்டருக்கு ஒரு புள்ளி நகப்பூச்சால் வைத்துக்கொண்டு, ஜிக்கைக் கட்டி, படியில் உட்கார்ந்து தளர்வாக விட்டு எண்ணுவேன். கிணற்றில் மூன்று விநாடி என்றால் கடலில் ஒரு பொட்டு கூடுதலாக ஆகும். உப்புத் தண்ணீர் கனமானது, கொஞ்சம் தாங்கும். எண்ணியதை அந்தந்த ஜிக்கின் வயிற்றில் மார்க்கரால் எழுதிவைப்பேன். இறங்கும்போது மூக்கு சற்றுத் தாழ்ந்து, ஆடாமல் சாய்ந்து இறங்க வேண்டும். சுற்றிக்கொண்டு இறங்கினால் அதைக் கணவாய்க்குக் காட்டாதீர்கள்.

சரி, நிறம். பெரும்பாலான கணவாய் இனங்களின் கண்ணில் ஒளியை வாங்கும் நிறமி ஒரே வகைதான். நமக்குப் பகல் பார்வைக்கு மூன்று. அதாவது நாம் பிங்க், ஆரஞ்சு, பச்சை என்று பிரிப்பது அதற்குச் சாம்பலின் வெவ்வேறு சாயைகளாகத் தெரியும். ஒளியின் துருவமுனைப்பை, அதாவது ஒளி அலை எந்தத் திசையில் அதிர்கிறது என்பதை, அது பார்க்கும், நம்மால் முடியாது. எனவே அதற்கு முக்கியம், சுற்றியுள்ள தண்ணீரிலிருந்து ஜிக் பிரிந்து தெரிகிறதா என்பது. பிங்க்கும் ஆரஞ்சும் இவ்வளவு விற்பதற்கு இன்னொரு காரணம், அவை நம் கண்ணுக்குத் தண்ணீரில் நன்றாகத் தெரிகின்றன.

நான் பார்ப்பது இரண்டுதான். தண்ணீர் தெளிந்து வெயில் இருந்தால், ஜிக்கைச் சுற்றி ஒட்டிய துணிக்கு அடியில் வெள்ளி நிறத் தகடு உள்ளது. கலங்கலுக்கும் அந்திக்கும் தங்கம் அல்லது சிவப்பு அடித்தகடு. இருட்டில் கருத்த உருவம்தான் எடுபடும் என்பது என் அனுபவம். கணவாய் கீழேயிருந்து மேலே பார்க்கிறது, மேலே கொஞ்சமாவது வெளிச்சம் இருக்கிறது.

ஒரு தடவை பேத்தை மீன் கடித்து ஜிக்கின் துணி கிழிந்துவிட்டது. வீட்டுக்காரியின் பழைய சுங்குடிச் சேலையில் விரலகலத் துண்டு வெட்டி, பசை தடவி ஒட்டினேன். அரக்குச் சிவப்பில் வெள்ளைப் புள்ளி. பக்கத்தில் நின்ற மண்டபத்துக்காரர் ஒருவர், "என்ன அண்ணே, கணவாய்க்குச் சீர் கொண்டு வந்திருக்கீங்களா?" என்றார். அன்று ராத்திரி நான்கு ஏறியது, நான்கும் அதில்தான். சுங்குடிக்கு ராசி என்று சொல்ல மாட்டேன். அந்த ஜிக் மீட்டருக்கு ஆறு விநாடி.

கேள்வி: வைகை அணையிலோ வண்டியூர் கண்மாயிலோ கணவாய் ஜிக் வீசிப் பழகலாமா? - கல்லூரி மாணவர், அனுப்பானடி.

பதில்: வீசிப் பழகலாம் தம்பி, பிடித்துப் பழக முடியாது. நல்ல தண்ணீரில் வாழும் கணவாய் உலகத்திலேயே இல்லை. இரண்டு சுண்டு சுண்டி, நரம்பைத் தொய்ய விடாமல் இறங்கவிடும் கைப்பழக்கத்துக்கு மட்டும் கண்மாய் உதவும். ஆகாயத்தாமரையில் மாட்டினால் இழுத்துப் பார்க்க வேண்டாம், அறுத்துவிடுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் 80 ரூபாய்க்கே ஜிக் கிடைக்கிறதே, வாங்கலாமா? - பெயர் வேண்டாம் என்றவர், செல்லூர்.

பதில்: வாங்கலாம், ஆனால் சோதித்துத் தேற வேண்டும். முதலில் வால் பக்கத்து ஊசிக் கிரீடம். அதில் முள்கொக்கி கிடையாது, வெறும் ஊசிதான், அதனால் கூர்மை முக்கியம். கட்டைவிரல் நகத்தில் வைத்து மெதுவாக இழுங்கள். வழுக்கினால் மழுங்கல், பிடித்தால் நல்லது. பிறகு வாளித் தண்ணீரில் விட்டு, நேராக இறங்குகிறதா என்று பாருங்கள். நான் வாங்கிய பத்தில் மூன்று தேறியது. கணக்குப் போட்டால் ஒன்று 267 ரூபாய் ஆகிறது. அதற்கு நடுத்தர விலையில் ஒன்று வாங்கிவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் பாறை இருக்கிற இடத்தில் நல்லதைத் தொலைக்க மனசு வராது, அங்கே அந்த மூன்றும் போகட்டும்.

எந்த விலையானாலும் வண்டிப் பெட்டியில் வைத்து மதுரை வெயிலில் விடாதீர்கள், பசை இளகித் துணி உரியும். வீடு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரர் இதுவரை பதினேழு ஜிக் வாங்கிவிட்டார். கொண்டுவந்த கணவாய் இரண்டு. உண்மையாக எத்தனை போதும்? - வாசகி, மேலூர்.

பதில்: அம்மா, அவரைக் காட்டிக்கொடுப்பது சங்கடம்தான். என் பெட்டியில் இருப்பதைச் சொல்லுகிறேன். இரண்டரை நம்பரில் ஷேலோ இரண்டு, ஒன்று வெள்ளித் தகடு, ஒன்று சிவப்புத் தகடு. மூன்று நம்பரில் சாதாரணம் ஒன்று, ஆழமும் நீரோட்டமும் உள்ள இடத்துக்கு. அறுந்துபோனால் மாற்ற ஒன்று. நான்குக்கு மேல் எனக்குத் தேவைப்பட்டதில்லை. பதினேழையும் ஒரு நாள் கிணற்றில் எண்ணச் சொல்லுங்கள். பாதிக்கு மேல் ஒரே வேகமாக இருக்கும், அதைப் பார்த்து அவரே நிறுத்திவிடுவார். பிடித்த இரண்டையும் அவர் எப்படி இழுத்தார் என்றும் கேளுங்கள். வெடுக்கென்று இழுத்தால் கணவாயின் நீண்ட கை மட்டும் ஊசியில் வரும், ஆள் போய்விடுவான். மெத்தென்று, நிறுத்தாமல் சுற்ற வேண்டும்.

கேள்வி: படகு பிடித்துத் தீவுப் பக்கம் போனால் பெரிய கணவாய் கிடைக்குமாமே? - வாசகர், பரமக்குடி.

பதில்: போகாதீர்கள். மன்னார் வளைகுடாவில் உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கே தூண்டில் போடுவதும் குற்றம். கரையிலிருந்தே வீசுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வடக்குப் பக்கத்தைக் கலக்கிவிடும், அப்போது தென்கடல் கரை பரவாயில்லை. ஆனி, ஆடியில் அப்படியே தலைகீழ். கிளம்புவதற்கு முன்னால் அந்தப் பக்கத்தில் தெரிந்த யாரிடமாவது தண்ணீர் தெளிந்திருக்கிறதா என்று போனில் கேட்டுவிடுங்கள். கேட்காமல் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி, விடிய விடியச் சேற்றுத் தண்ணீரில் வீசிவிட்டு, காலையில் ராமநாதபுரம் சந்தையில் கிலோ கணக்கில் வாங்கி வந்த நாள் எனக்கும் உண்டு. வீட்டில் அதையும் நான் பிடித்ததாகத்தான் சொன்னேன்.