கனடாவிலிருந்து புது இன்சுலின் பம்ப் வருகிறது. திருகோணமலையில் இருந்துகொண்டு பழையதிலிருந்து இதற்கு எப்படி மாறுவது?

மகளுக்கு 15 வயது, முதலாம் வகை நீரிழிவு, பழைய பம்ப் அடிக்கடி பிழை காட்டுகிறது, மாமா கனடாவிலிருந்து வேறு கம்பனியின் புதுப் பம்ப் கொண்டு வருகிறார். பழையதில் உள்ள எண்களை அப்படியே புதியதில் பதிந்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. எண் ஒன்றாகவே இருந்தாலும், அதை வைத்து இரண்டு பம்புகளும் போடுகிற கணக்கு வேறு.

பெட்டியின் சீலை உடைக்க முன்னர் அலகைப் பாருங்கள். கனடாவில் சீனியை மில்லிமோலில் சொல்வார்கள், இங்கே கிளினிக்கில் மில்லிகிராமில். லீற்றருக்கு 1 மில்லிமோல் என்பது டெசிலீற்றருக்கு 18 மில்லிகிராம். சில பம்புகளில் அலகை மாற்றலாம், சிலவற்றில் விற்ற நாட்டின் அலகோடு பூட்டியிருக்கும். பூட்டியிருந்தால் திருத்தக் காரணி, இலக்கு, அலாரம் எல்லாவற்றையும் 18 ஆல் வகுத்தே பதிய வேண்டும். ஒரு யுனிட் 50 மில்லிகிராமைக் குறைக்கும் என்றால் அங்கே 2.8 என்று போட வேண்டும். வீட்டு மீற்றர் ஒரு அலகு, பம்ப் இன்னொரு அலகு என்று கலந்து வைத்திருப்பது நடுச்சாமத்தில் நித்திரைக் கண்ணோடு பார்க்கும்போது ஆபத்து. முடிந்தால் அதே அலகில் ஒரு மீற்றரையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.

உதிரிகளும் அப்படித்தான். இன்சுலின் நிரப்பும் ரிசர்வரும், அதை உடம்புக்குக் கொண்டுபோகும் இன்ஃபியூஷன் செற்றும் பம்புக்குப் பம்ப் பொருந்தாது. மூன்று நாளுக்கு ஒரு செற் என்றால் மாதத்துக்கு 10 என்று கணக்கு வரும். வியர்வையில் கழன்றது, மடங்கியது, இழுபட்டது என்று போவதையும் சேர்த்து 14 வைத்துக்கொண்டால்தான் ஓடும். கொழும்பு இங்கிருந்து ஏறத்தாழ 260 கிலோமீற்றர். செற் அங்கே கிடைத்தால்கூட இரவு 10 மணிக்கு அது உதவாது. வீட்டில் மூன்று மாதத்துச் செற் சேராமல் பழைய பம்பைக் கழற்ற வேண்டாம். வெளிநாட்டில் வாங்கிய பம்புக்கு இங்கே உத்தரவாதம் செல்லுமா, பழுதானால் யார் மாற்றித் தருவார் என்பதையும் வாங்கும் ஆளே அங்கு எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

இனி எண்கள். பழைய பம்பின் எல்லா அமைப்புத் திரைகளையும் போனில் படம் எடுங்கள். அதைவிட முக்கியம், கடந்த 14 நாளில் ஒரு நாளுக்குச் சராசரியாக எத்தனை யுனிட் போயிருக்கிறது என்ற வரலாற்றுப் பக்கம். பழைய பம்ப் இன்சுலின் அளவைத் தானே கூட்டிக் குறைக்கும் தானியங்கி முறையில் ஓடியிருந்தால், அதிலே பதிந்திருக்கும் பேசல் வீதம் (நாள் முழுதும் சிறிது சிறிதாக ஓடும் அடிப்படை இன்சுலின்) பல வருடத்துக்கு முன் போட்டதாக இருக்கலாம்; பம்ப் அதைத் தொட்டே இருக்காது. பிள்ளை வளர்ந்திருப்பாள், எண் வளர்ந்திருக்காது. உதாரணமாக, பதிந்த பேசல் மணிக்கு 0.6, அதாவது நாளுக்கு 14.4 யுனிட். வரலாறு காட்டும் நாள் மொத்தமோ 36. அதில் பாதி பேசல் என்று எடுத்தால் 18, மணிக்கு 0.75. பழைய 0.6 ஐப் பதிந்துவிட்டு முதல் இரண்டு நாளும் சீனி ஏறி நிற்கிறது என்று புதுப் பம்பைத் திட்டுகிறவர்கள் நிறைய. மெட்ரோனிக் 780ஜி போன்ற பம்புகள் தானியங்கிக்குப் போக முன் 48 மணித்தியாலம் கைமுறையில் ஓடித் தரவு சேர்க்கும். அந்த நேரத்தில் நீங்கள் பதிந்த பேசல்தான் முழுப் பாரத்தையும் சுமக்கும்.

அதே 36 ஐ வைத்து மற்ற எண்களையும் சரிபார்க்கலாம். 1800 ஐ 36 ஆல் வகுத்தால் 50: ஒரு யுனிட் குறைக்கும் மில்லிகிராம். 450 அல்லது 500 ஐ வகுத்தால் 12.5 முதல் 14 வரை வரும்: ஒரு யுனிட் தாங்கும் மாச்சத்துக் கிராம். இவை தொடக்கப் புள்ளிகள்தான். பழைய பம்பில் நன்றாக வேலை செய்த விகிதம் இதோடு ஓரளவு ஒத்தால் பழையதையே வைத்திருங்கள். வெகு தூரம் விலகினால் ஏன் என்று கேளுங்கள். ஊசியிலிருந்து பம்புக்கு மாறுகிறவர்களுக்கு மொத்தத்தில் 20 முதல் 25 வீதம் குறைப்பது வழக்கம். பம்பிலிருந்து பம்புக்கு அந்தக் குறைப்பு தேவையில்லை. கடைசிப் பட்டியலை மகளின் வைத்தியர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே பதியுங்கள்.

ஏமாற்றும் எண் செயற்படு இன்சுலின் நேரம், அதாவது போட்ட இன்சுலின் உடம்பில் எவ்வளவு நேரம் வேலை செய்யும் என்று பம்ப் கணக்கெடுப்பது. 780ஜி இல் அதை 2 அல்லது 3 மணித்தியாலம் என்று வைப்பார்கள். டேன்டம் கம்பனியின் பம்பில் கன்ட்ரோல்-ஐகியூ என்ற தானியங்கி முறை ஓடும்போது அது 5 மணித்தியாலத்தில் பூட்டியிருக்கும். இன்சுலின் உடம்பில் நிற்கும் நேரம் பம்ப் மாறியதால் மாறவில்லை, பம்ப் அந்த எண்ணைப் பாவிக்கும் விதம்தான் மாறியிருக்கிறது. உடம்பில் மிச்சமிருக்கும் இன்சுலினைக் கழிக்கும் விதமும் வேறு. மகள் 60 கிராம் மாச்சத்துச் சாப்பிடப் போகிறாள், விகிதம் 12, உடம்பில் இன்னும் 2 யுனிட் மிச்சம் இருக்கிறது என்று வைப்போம். மெட்ரோனிக் அந்த 2 ஐத் திருத்தத்திலிருந்து மட்டும் கழிக்கும், சாப்பாட்டுக்கான 5 ஐத் தொடாது. டேன்டம், சீனி இலக்குக்குக் கீழே இருந்தால் சாப்பாட்டுப் பங்கிலிருந்தும் கழிக்கும். ஆகவே முதல் இரண்டு கிழமைக்குப் பம்ப் சொல்லும் அளவை ஏற்க முன் அது எப்படி வந்தது என்ற விபரத் திரையைத் திறந்து பாருங்கள்.

மாறும் நேரம் காலை, எழும்பியதும், சாப்பாட்டுக்கு முன். காரணம் உண்டு: பழைய பம்பில் போட்ட இன்சுலின் எவ்வளவு மிச்சம் என்று புதியதற்குத் தெரியாது. முந்தைய போலஸ் (சாப்பாட்டுக்கோ திருத்தத்துக்கோ ஒரேயடியாகப் போடும் இன்சுலின்) நாலைந்து மணித்தியாலம் கழிந்திருந்தால் அந்தக் குருட்டுத்தன்மை பாதிக்காது. மத்தியானம் மாறினால் புதுப் பம்ப் மேலே மேலே திருத்தம் போட்டுச் சீனியை விழுத்திவிடும். இரவில் மாற வேண்டாம். கனியூலா (தோலடியில் நிற்கும் மெல்லிய குழாய்) மடங்கியிருந்தால் விடியும்வரை யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூட லீவில், ஒரு பெரியவர் வீட்டில் நிற்கிற நாளாகப் பாருங்கள். திரையைத் திறந்ததும் முதலில் நேரத்தைச் சரிபாருங்கள். முற்பகலும் பிற்பகலும் மாறிக் கிடந்தால் விடிய வேண்டிய பேசல் பின்னேரம் ஓடும். அதிகபட்ச போலஸ், அதிகபட்ச பேசல் எல்லைகளையும் அப்போதே சரிபாருங்கள், பெட்டியில் வரும் எல்லை பிள்ளைக்குப் பெரிதாக இருக்கலாம்.

நிரப்புவதில் அவசரம் கூடாது. இன்சுலினைப் பிரிட்ஜிலிருந்து முக்கால் மணித்தியாலம் முன்பே எடுத்து வையுங்கள். குளிர்ந்த இன்சுலினில் கரைந்திருக்கும் காற்று, உடம்புச் சூட்டில் குமிழாக வெளிவரும்; ரியூபில் சுமார் 2.5 சென்ரிமீற்றர் நீளக் குமிழ் ஏறத்தாழ அரை யுனிட். மணிக்கு 0.75 ஓடும் பிள்ளைக்கு அது நாற்பது நிமிடத்து இன்சுலின். டேன்டம் கார்ட்ரிட்ஜுக்கு ஊசி போட்டு முதலில் உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்க வேண்டும். மற்றப் பம்பில் பழகியவர்கள் இந்தப் படியைத் தாண்டிவிட்டுப் பிறகு குமிழோடு மல்லுக்கட்டுவார்கள். ரியூபை நிரப்பும்போது அது உடம்பில் பொருத்தியிருக்கவே கூடாது. 10, 15 யுனிட் ஒரேயடியாகப் போகும், அது உயிருக்கே ஆபத்து. நுனியில் துளி வந்த பிறகு குத்துங்கள், பிறகு கனியூலா நிரப்புங்கள். 6 மில்லிமீற்றர் மென்கனியூலாவுக்குப் பொதுவாக 0.3 யுனிட், 9 க்கு 0.5. உருக்கு ஊசிக்கு இந்த நிரப்பல் இல்லை, ஆனால் அதை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். முதல் முறையை இன்சுலினில் செய்ய வேண்டுமென்றில்லை. உடம்பில் பொருத்தாமல், சேலைன் நிரப்பி இரண்டு மூன்று தரம் பழகட்டும்; அந்த ரிசர்வரைப் பிறகு வீசிவிடுங்கள்.

எந்த இன்சுலின் என்பதிலும் கண் வையுங்கள். பம்புக்கு மில்லிலீற்றருக்கு 100 யுனிட் செறிவுள்ள துரித இன்சுலின் மட்டும். இந்தியாவிலிருந்து யாராவது கொண்டுவந்த குப்பியில் மில்லிலீற்றருக்கு 40 என்று இருக்கலாம், லேபலை வாசியுங்கள். கலங்கலாக இருக்கும் கலவை இன்சுலின் பம்புக்கு ஆகாது என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் கிளார்ஜின் என்ற நீண்ட நேர இன்சுலினும் கண்ணாடி மாதிரித் தெளிவாகத்தான் இருக்கும். அது பம்புக்குள் போகக்கூடாது.

சூடு நம் ஊரின் தனிப் பாடம். திறந்த குப்பியை 30 பாகை செல்சியசுக்குக் கீழே வைக்கச் சொல்கிறார்கள். கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் திருகோணமலை மத்தியான வெயில் அதைத் தாண்டிப் போகும். அந்தக் காலத்தில் ரிசர்வரை மூன்று நாளுக்கு நிரப்பாமல் இரண்டு நாளுக்கு நிரப்புங்கள்: 36 இரண்டு தரம் 72, ரியூபுக்கு 15, கைக்காவலுக்கு 20, சுமார் 110 யுனிட் போதும். மிச்சக் குப்பிக்குக் கரண்ட் இல்லாத வேளையில் ஈரத்துணி சுற்றிய மண்பானை நன்றாக வேலை செய்யும், கச்சான் காய்ந்த காற்றாதலால். வாடைக்காலத்தில் காற்றே ஈரமாக இருக்கும்போது பானையை அவ்வளவு நம்ப வேண்டாம். பம்பை ஓட்டோவின் முன்தட்டிலும் மோட்டார் சைக்கிள் சீற்றுக்கடியிலும் வைக்கக்கூடாது.

வியர்வையில் பிளாஸ்ரர் கழன்றால் குற்றம் பெரும்பாலும் பிளாஸ்ரருடையதல்ல. தேங்காய் எண்ணெய், பவுடர், லோஷன் எதுவுமில்லாத காய்ந்த தோலில், ஸ்பிரிட் முழுதாகக் காய்ந்த பின் ஒட்ட வேண்டும். தொட்டால் தடித்த இடத்தில் குத்த வேண்டாம், அங்கே இன்சுலின் ஒழுங்காகச் சேராது.

உப்புவெளி, நிலாவெளிக் கடலுக்குப் போகும்போது பம்பைக் கழற்றி நிழலில், மணலில் படாமல் வையுங்கள். தண்ணீர் புகாது என்ற தரமும் பம்புக்குப் பம்ப் வேறு, உப்புத்தண்ணீரில் அதைச் சோதித்துப் பார்ப்பது விலை கூடிய விளையாட்டு. கழற்றியிருக்கும் நேரம் ஒரு மணித்தியாலத்தைத் தாண்ட வேண்டாம். இறங்க முன் சீனி 126 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் 10, 15 கிராம் மாச்சத்துக் கொடுங்கள். மூன்று தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீர் கிட்டத்தட்ட அவ்வளவு. கன்னியா வெந்நீரூற்றுக்குப் போனால் இன்னொரு கவனம்: சுடுதண்ணீர் பட்ட இடத்தில் இரத்த ஓட்டம் கூடி, தோலடியில் இருக்கும் இன்சுலின் வழமையைவிட வேகமாக உள்ளே போகும். சாப்பிட்டுப் போலஸ் போட்ட கையோடு வாளி வாளியாக ஊற்றக்கூடாது.

இனி எதற்கும் முந்தின விசயம். பம்பில் ஓடுவது துரித இன்சுலின் மட்டும், தோலடியில் நீண்ட நேரச் சேமிப்பு எதுவும் இல்லை. ஓட்டம் நின்றால் சில மணித்தியாலத்துக்குள் கீற்றோன் (இன்சுலின் இல்லாதபோது இரத்தத்தில் சேரும் அமிலம்) ஏறத் தொடங்கும். அடைப்பு அலாரம் வரவில்லை என்பதால் இன்சுலின் போகிறது என்று எண்ண வேண்டாம். பேசல் குறைவாக ஓடும்போது அலாரம் அடிக்குமளவு அழுத்தம் சேர மணிக்கணக்காகும், கனியூலா தோலுக்கு வெளியே கழன்று சொட்டினால் அலாரமே வராது. ஒவ்வொரு செற் மாற்றத்துக்கும் பின் ஒன்று முதல் இரண்டு மணித்தியாலத்தில் விரலில் குத்திப் பாருங்கள். சீனி 250 மில்லிகிராமுக்கு மேல் நின்றால் இரத்தக் கீற்றோன் பாருங்கள். கீற்றோன் 0.6 மில்லிமோலுக்குக் கீழே என்றால் பம்பால் ஒரு தரம் திருத்தி, ஒரு மணித்தியாலத்தில் மறுபடி பாருங்கள். இறங்கவில்லை என்றாலோ, கீற்றோன் 0.6 ஐத் தாண்டியிருந்தாலோ திருத்தத்தைப் பேனா ஊசியால் போட்டு, செற்றையும் இன்சுலினையும் புதிதாக மாற்றுங்கள். கீற்றோன் 1.5 தாண்டினால் வைத்தியருக்கு அழையுங்கள். 3 தாண்டினால், அல்லது வாந்தி தொடங்கினால், நேரே ஆஸ்பத்திரி. பணியில் இருக்கும் வைத்தியருக்குத் தமிழ் தெரியாமலும் இருக்கலாம். முதலாம் வகை, பம்ப் நின்றுவிட்டது, நாள் மொத்தம் இவ்வளவு என்று சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிய ஒரு துண்டு மகளின் பையில் எப்போதும் இருக்கட்டும்.

பம்ப் முழுதாகச் செத்தால் என்ன அளவு என்பதையும் மாறும் நாளுக்கு முன்பே வைத்தியரிடம் எழுதி வாங்குங்கள். பேசல் நாளுக்கு 18 என்றால் கிளார்ஜின் 18 இலிருந்து தொடங்குவது வழக்கம். அது பிடிக்கச் சில மணித்தியாலம் எடுக்கும், அதுவரை 3, 4 மணித்தியாலத்துக்கு ஒருமுறை சீனி பார்த்துத் துரித இன்சுலின் போட வேண்டும். பம்ப் திரும்பி வந்ததும் உடனே முழுப் பேசலில் ஓட்டக்கூடாது, கடைசிக் கிளார்ஜின் போட்டு 24 மணித்தியாலம் ஆகும்வரை இரண்டும் சேர்ந்து இழுக்கும்.

பழைய பம்பை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். பற்றரியைக் கழற்றி, அதற்குரிய இரண்டு மூன்று செற்றோடு வையுங்கள். மாதம் ஒருமுறை பற்றரி போட்டு இயங்குகிறதா என்று பாருங்கள். பிழை காட்டிய பம்ப் என்பதால் ஒன்றிரண்டு நாளுக்கு மேல் அதை நம்ப வேண்டாம். புதியதில் எண்கள் மாறும்போதெல்லாம் அந்தத் திகதியையும் புதிய எண்களையும் ஒரு தாளில் எழுதி அதன் பெட்டிக்குள்ளேயே போடுங்கள். அவசரத்தில் அதை எடுத்து மாட்டும்போது மூன்று வருடத்துக்கு முந்தைய பேசலோடு ஓடக்கூடாது.