ஊட் க்ரீக் புளிப்பாக இருக்கிறது, கெட்டுவிட்டதா?

கெட்டுப்போகவில்லை, கீழே ஊற்றிவிடாதீர்கள். ஊட் க்ரீக் என்பது செர்ரி ஊறப்போட்ட பெல்ஜியப் புளிப்பு பியர். செர்ரி வாசனை இருந்தும் இனிப்பே இல்லை, குதிரை லாயம் மாதிரி ஒரு நெடி வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஊட் க்ரீக் அப்படித்தான் இருக்கும்.

முன்பு குடித்ததாகச் சொன்ன லின்டெமன்ஸ் க்ரீக் இனிப்பு சேர்த்தது. 'ஊட்' என்று போட்டிருந்தால் இனிப்பு சேர்க்க மாட்டார்கள். பீப்பாயில் வைத்துப் பழுக்கவிட்ட லாம்பிக் பியரில் (காற்றிலுள்ள காட்டு ஈஸ்டால் தானாகப் புளிக்கும் பியர்) முழு செர்ரியை மாதக்கணக்கில் ஊறப்போடுவார்கள். பழத்தின் சர்க்கரையை ஈஸ்ட் தின்றுவிடும். நிறமும் மணமும் புளிப்பும்தான் மிஞ்சும். அந்த லாய நெடி பிரெட்டானோமைசிஸ் என்ற ஈஸ்டின் வேலை. பழகினால் அதைத்தான் முதலில் தேடுவீர்கள்!

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு குடித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்தக் குளிரில் புளிப்பு மட்டும்தான் நாக்கில் நிற்கும். மீதியை இப்படிப் பாருங்கள்:

1. வெளியே வைத்து 12 டிகிரி வரை வரட்டும்.
2. வாய் குறுகிய ஒயின் கிளாஸில் பாதிக்கும் குறைவாக ஊற்றி, சுழற்றி முகருங்கள்.
3. முதல் வாயை விட்டுவிடுங்கள், நாக்கு புளிப்புக்குப் பழகட்டும். இரண்டாவதில் செர்ரிக் கொட்டையின் பாதாம் வாசம் தெரிகிறதா பாருங்கள். எனக்கு இதில் மிகப் பிடித்தது அதுதான்.

ஆனால் நெயில் பாலிஷ் ரிமூவர் மாதிரி மூக்கில் குத்தினாலோ, வினிகர் போலத் தொண்டை எரிந்தாலோ அந்த பாட்டில் சரியில்லை. வருடக்கணக்கில் கிடந்ததென்றால் பழ மணம் மங்கியிருக்கும். அது கெட்டதற்கு அடையாளமல்ல.