பழைய கார் ஆண்டுச் சோதனையில் தேறுமா?

கேள்வி: 12 வருடம் ஓடிய பெட்ரோல் கார் ஒன்று விலைக்கு வருகிறது. ஒவ்வொரு வருடமும் ஃபிட்னஸ் சோதனையில் தேறிய சான்றிதழ்களை விற்பவர் காட்டுகிறார். “இனியும் தேறும், கவலையே படாதீர்கள்” என்கிறார். இந்த வயதுக் காரை அப்படி நம்பி வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். ஆனால் அந்தச் சான்றிதழ்களை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். தேறியது என்றால், சோதனை நடந்த அன்று கார் குறைந்தபட்ச அளவைத் தொட்டிருந்தது என்றுதான் பொருள். டயர் பட்டன், அதாவது தரையில் படும் பக்கத்திலுள்ள பள்ளங்களின் ஆழம், 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது பல நாடுகளில் விதி. 1.7 இருந்தாலும் தேறிவிடும். அடுத்த மாதமே அந்த டயர் விதிக்குக் கீழே போயிருக்கும். கிளட்ச் இன்னும் எத்தனை நாள் வரும், கியர்பாக்ஸ் எப்படி இருக்கிறது என்பதெல்லாம் பொதுவாகச் சோதனையில் வருவதே இல்லை.

ஆகவே விற்பவரிடம் பழைய சோதனை அறிக்கைகளை முழுசாகக் கேளுங்கள். பிரிட்டனில் பதிவு எண்ணைப் போட்டாலே 2005 முதல் நடந்த சோதனைகளின் முடிவுகளை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அந்த வசதி இல்லாத இடத்தில் தாள்களைத்தான் வாங்கிப் பார்க்க வேண்டும். அவற்றில் ‘இப்போதைக்குப் பரவாயில்லை, கவனிக்கவும்’ என்ற வகையில் எழுதியிருக்கும் குறிப்புகள்தான் முக்கியம். முன் பிரேக் பேட் தேய்ந்திருக்கிறது என்று ஒரு வருடம் எழுதி, மறு வருடம் அந்தக் குறிப்பே இல்லையென்றால், உரிமையாளர் சொன்னதும் மாற்றியிருக்கிறார். அதே குறிப்பு இரண்டு மூன்று வருடம் தொடர்ந்து வந்து கடைசியில் ஃபெயிலாகி முடிந்திருந்தால், ஃபெயிலானால்தான் கை வைப்பார் என்று அர்த்தம். அப்படிப்பட்டவர் ஆயிலையும் நேரத்துக்கு மாற்றியிருக்க மாட்டார். எனக்கு 12 வருடக் கார் என்பது ஒரு பொருட்டே இல்லை. அது யார் கையில் இருந்தது என்பதைத்தான் பார்ப்பேன்.

அறிக்கையில் கிலோமீட்டரும் பதிவாகியிருக்கும். வருடத்துக்கு வருடம் அது எப்படி ஏறியிருக்கிறது என்று பாருங்கள். எங்காவது குறைந்திருந்தால் மீட்டரில் கை வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். ஒரு வருடம் முழுக்க ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத காரைப் பார்த்தால் பலரும் மகிழ்ந்துபோகிறார்கள். நான் அங்கேதான் தயங்குவேன். நின்றே கிடக்கும் காரில் பின் பிரேக் இறுகிக்கொள்ளும், ஹேண்ட் பிரேக் கேபிள் துருப்பிடிக்கும், டயரின் பக்கவாட்டு ரப்பரில் வெடிப்பு விழும். டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்ற எழுத்துகளோடு தொடங்கும் குறியீடு இருக்கும். அதன் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரத்தையும் வருடத்தையும் சொல்லும். 2316 என்றால் 2016-ம் வருடத்தின் 23-வது வாரம்.

பிரேக்கில் ஒரு விஷயம் ஓட்டுகிறவருக்கே தெரியாது. பெடலை மிதித்தால் கார் நிற்கிறது, அவ்வளவுதான் நமக்குத் தெரியும். சோதனை மையத்தில் சக்கரங்களை உருளைகள் மேல் ஏற்றி, ஒவ்வொன்றின் பிரேக் விசையையும் தனித்தனியாக அளப்பார்கள். ஐரோப்பிய விதிகளின்படி ஒரே அச்சில் ஒரு பக்கத்து விசை மறுபக்கத்தைவிட 30 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் அது பெரிய குறை. ஈரமான சாலையில் அவசரமாக மிதிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுப்பது இதனால்தான்.

அப்புறம் துரு. பழைய காரின் ஆயுளை முடிவு செய்வது பெரும்பாலும் இதுதான். பல்ப், வைப்பர், பேட், புஷ், பால் ஜாயிண்ட் எல்லாம் கழற்றி மாட்டுகிற சாமான்கள். இவற்றுக்காக ஒரு கார் ஃபெயிலானால் நான் கவலைப்பட மாட்டேன். பாடியே அரித்துப்போனால் வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும், அதுவும் ஒரு தடவையோடு முடியாது. கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பு, சஸ்பென்ஷன் பொருத்திய இடம், சீட் பெல்ட்டின் அடிப்பகுதி, இவற்றைச் சுற்றி ஓட்டை விழுந்தால் சோதிப்பவர் விடவே மாட்டார், விடவும் கூடாது. மோதலில் உங்களைப் பிடித்து நிறுத்துவது அந்தத் தகடுதான். காரை லிஃப்டில் ஏற்றி, ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் அந்த விளிம்பு நெடுகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அரித்த இடத்தில் ஓசை மந்தமாகும், சில இடத்தில் பொருக்கு உதிரும். அடிப்பக்கம் முழுக்கப் புதிதாகக் கறுப்பு பெயிண்ட் அடித்திருந்தால் கூடுதல் கவனம் தேவை. விற்பதற்கு முந்தின வாரம் அதை அடிக்க வேண்டிய அவசியம் என்ன? கடலோரத்திலோ, பனிக்காலத்தில் உப்பு தூவும் சாலைகளிலோ ஓடிய காரென்றால் இந்தச் சோதனையை விடவே கூடாது.

லிஃப்டில் இருக்கும்போதே முன் சக்கரங்களின் உட்பக்கத்தையும் பாருங்கள். அங்கே கறுப்புக் கிரீஸ் தெறித்திருந்தால் டிரைவ் ஷாஃப்டின், அதாவது எஞ்சின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டின், ஜாயிண்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்திருக்கிறது. பூட்டை மட்டும் உடனே மாற்றினால் செலவு சின்னது. விட்டுவைத்தால் மண்ணும் தண்ணீரும் புகுந்து ஜாயிண்டே போய்விடும்.

கீழே இறக்கியதும் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்புங்கள். எஞ்சின், ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது), ஏர்பேக் எச்சரிக்கை விளக்குகள் எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் எஞ்சின் விளக்கு உடனே அணையும். மற்றவை சில நொடிகளில் அணையும். அணையாவிட்டால் பழுது. எரியவே இல்லையென்றால், பழுதை மறைக்க யாரோ விளக்கையே செயலிழக்கச் செய்திருக்கலாம். அந்தக் காரைத் தொடாதீர்கள்.

புகைச் சோதனையில் நல்ல காரும் சில சமயம் மாட்டிக்கொள்ளும். புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் நன்றாகச் சூடானால்தான் வேலை செய்யும். இரண்டு தெரு ஓட்டிப் போய் வரிசையில் எஞ்சினை அணைத்துக் காத்திருந்தால் ஆறிவிடும். இருபது நிமிடமாவது நல்ல வேகத்தில் ஓட்டிவிட்டு நேராக உள்ளே கொண்டுபோங்கள்.

வாங்கிய பிறகு, சோதனைக்கு ஒரு மாதம் முன்பே மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். சாமான் வரவழைக்க நேரம் இருக்கும். இந்த வயதில் வருடத்துக்கு ஒன்றிரண்டு தேய்மானச் சாமான்களை மாற்றத்தான் வேண்டியிருக்கும், விலை பேசும்போதே அதைக் கணக்கில் எடுங்கள். லிஃப்டில் ஏற்றிப் பார்க்க விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.