மணலில் தோரியம், உப்பில் குளோரின்: அணு பற்றிய வாசகர் கேள்விகள்

மணவாளக்குறிச்சி கருமணல் முழுக்கத் தோரியமா?

இல்லை. கறுப்பாகத் தெரிவதில் பெரும்பங்கு இல்மனைட், அதாவது இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த ஆக்சைடு. சிவப்பு கார்னெட். கதிரியக்கத் தனிமமான தோரியம் இருப்பது தேன் நிற மோனசைட் கனிமத்தில். அதிலும் தோரியம் ஆக்சைடு சுமார் 8 முதல் 10 சதவீதம்தான். நிறத்தை மட்டும் பார்த்துக் கதிரியக்கத்தை முடிவு செய்யாதீர்கள்.

தோரியம் 232 ஈயமாக மாறுமாமே, எப்படி?

ஆமாம், ஈயம் 208 ஆகும். தோரியத்தில் 90 புரோட்டான் (இதுவே அணு எண்), 142 நியூட்ரான். இரண்டையும் கூட்டினால் வரும் 232 நிறை எண். கதிரியக்கத்தில் கருவிலிருந்து ஓர் ஆல்ஃபா துகள் வெளியேறினால் நிறை எண் 4-ம் அணு எண் 2-ம் குறையும். பீட்டா துகள் வெளியேறினால் நிறை எண் அப்படியே இருக்க, அணு எண் 1 கூடும்.

முதலில் நிறை எண்ணைப் பாருங்கள்: 232 − 208 = 24. நான்கால் வகுத்தால் 6 ஆல்ஃபா. இதில் அணு எண் 12 குறைந்து 78 ஆகும். ஈயத்துக்கு 82 வேண்டும், ஆகவே 4 பீட்டா. அணு எண்ணிலிருந்து தொடங்குபவர்கள்தான் இந்தக் கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். அதை ஆல்ஃபா, பீட்டா இரண்டுமே மாற்றும்.

தோரியம் 232-ன் அரை ஆயுள், அதாவது பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம், சுமார் 1,405 கோடி ஆண்டு. பூமியின் வயதே சுமார் 454 கோடிதான். அதனால்தான் நம் கரையில் இன்னும் மிஞ்சியிருக்கிறது. மோனசைட்டின் வலுவான காமா கதிர் தோரியத்திலிருந்து நேரடியாக வருவதில்லை, இந்தச் சங்கிலியில் பிறக்கும் தாலியம் 208 போன்றவை தருவது.

குளோரினின் அணு நிறை 35.5. அரை நியூட்ரான் உண்டா?

கிடையாது. புத்தளம் உப்பளத்து உப்பிலும் குளோரின் 35, குளோரின் 37 இரண்டும் கலந்தே இருக்கின்றன, ஏறக்குறைய 3-க்கு 1 என்ற அளவில். (35×3 + 37×1) ÷ 4 = 35.5. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி 36 என்று எழுதினால் தவறு. விகிதத்தை விட்டுவிடக் கூடாது. நியூட்ரான் முறையே 18, 20. இரண்டிலும் புரோட்டான் 17, எலக்ட்ரானும் 17. ஆகவே சோடியத்தோடு சேரும் விதம் ஒன்றே.

ஐசோடோப்பு என்றாலே கதிரியக்கமா?

அல்ல. புரோட்டான் எண்ணிக்கை ஒன்றாகவும் நியூட்ரான் எண்ணிக்கை வேறாகவும் உள்ள ஒரே தனிமத்தின் அணு வகைகளே ஐசோடோப்புகள். மேலே சொன்ன இரண்டு குளோரினும் நிலையானவை. ஹைட்ரஜனில் டியூட்டீரியம் நிலையானது, டிரிட்டியம் கதிரியக்கமுள்ளது.

தோரியத்தை நேரடியாக அணு உலையில் எரிபொருளாக்கலாமா?

தனியாக முடியாது. வேகம் குறைந்த நியூட்ரான் பட்டால் தோரியம் 232 பிளவுபடாது, அந்த நியூட்ரானை விழுங்கித் தோரியம் 233 ஆகும். சுமார் 22 நிமிட அரை ஆயுளில் அது புரோட்டாக்டினியம் 233 ஆகவும், பிறகு சுமார் 27 நாள் அரை ஆயுளில் யுரேனியம் 233 ஆகவும் மாறும். பிளவுபடுவது இந்த யுரேனியம்தான். முதல் நியூட்ரான்களைக் கொடுக்க, தொடக்கத்தில் யுரேனியம் 235 அல்லது புளூட்டோனியம் வேண்டும்.